அகல டயர் போட்டால் பிடிப்பு கூடுமா?

(வண்டி, டயர், பிரேக் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்குத் தருமபுரியில் டயர் கடை நடத்திவரும் நம் எழுத்தாளர் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிரிப் பற்றியவை.)

பிளஸ் ஒன் இயற்பியலில், ‘உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்தது அல்ல’ என்று படித்தோம். ஆனால் ரேஸ் கார்களுக்கு அவ்வளவு அகலமான டயர் போடுகிறார்களே? புத்தகம் சரியா, ரேஸ் கார் சரியா?
— மாணவி, காவேரிப்பட்டணம்

ரெண்டுமே சரிதான் பாப்பா. நல்ல கேள்வி, கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ஒரு செங்கல்லில் கயிறு கட்டி, ஸ்பிரிங் தராசை மாட்டி, சிமெண்ட் தரையில் இழுத்துப் பார். படுக்க வைத்து இழுத்தாலும், விளிம்பில் நிறுத்தி இழுத்தாலும் தராசு கிட்டத்தட்ட ஒரே அளவைத்தான் காட்டும். 1699-ல் பிரான்சில் கியோம் அமோன்தோன் இதைத்தான் விதியாகச் சொன்னார். அவருக்கு இருநூறு வருடம் முன்பே லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் எழுதி வைத்துவிட்டார். 1785-ல் இன்னொரு பிரெஞ்சு அறிஞர் கூலோம் இன்னும் விரிவாகச் சோதித்து உறுதி செய்தார்.

கண்ணுக்குச் செங்கல் தரையோடு ஒட்டி இருப்பதுபோலத் தெரிந்தாலும், உண்மையில் சின்னச் சின்ன மேடுகளில் மட்டும்தான் தொடுகிறது. படுக்க வைத்தால் நிறைய மேடுகள் தொடும், ஒவ்வொன்றின் மேலும் பாரம் குறைவு. நிறுத்தி வைத்தால் கொஞ்சம் மேடுகள்தான் தொடும், ஆனால் ஒவ்வொன்றும் அதிகமாக நசுங்கும். கூட்டிப் பார்த்தால் நிஜமாகத் தொடுகிற இடம் ஒன்றுதான். பாரம் ஏறினால் மட்டுமே அது கூடும். உன் புத்தகம் சொல்வது இதைத்தான்.

ரப்பர் இந்தக் கணக்குக்குள் முழுசாக அடங்காது. அது வளைந்து, தார் ரோட்டின் ஜல்லி இடுக்குகளுக்குள் இறங்கிப் பிடிக்கிற பொருள். ஓரளவு இறங்கிவிட்ட பிறகு மேலும் அழுத்தினால், அழுத்துகிற அளவுக்குப் பிடிப்பு ஏறுவதில்லை, கொஞ்சம் பின்தங்கிவிடுகிறது. அதனால் அதே எடையை அதிக இடத்தில் பரப்பிக் கொடுத்தால் ரப்பருக்கு ஓரளவு லாபம் உண்டு. அகல டயர்க்காரர்கள் சொல்வதில் உள்ள உண்மை இவ்வளவுதான்.

ஆனால் டயரை அகலமாக மாற்றினால் தரையைத் தொடும் இடம் அதே அளவுக்குக் கூடிவிடும் என்று நினைக்கக் கூடாது. 1,000 கிலோ கார் என்றால் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 250 கிலோ. டயரில் காற்று 30 பவுண்டு என்றால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோவைத் தாங்கும். 250-ஐ 2.1-ஆல் வகுத்துப் பார். ஏறக்குறைய 120 சதுர சென்டிமீட்டர். டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் தாங்குவதால் இது துல்லியமான கணக்கு அல்ல, ஆனாலும் பக்கத்தில் வரும். இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கேயாவது வந்ததா? வரவில்லை. எடையும் காற்றும்தான் வந்தன. அகலமான டயரில் அந்த 120, பக்கவாட்டில் நீண்டு முன்பின்னாகக் குறுகும். 12-க்கு 10 என்று இருந்தது 15-க்கு 8 ஆகும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடைக்கு வரும் பாலிடெக்னிக் பையன்களுக்கு நான் செய்து காட்டுவது இது: காரை ஜாக்கியில் ஏற்றி, டயரில் கரியைக் குழைத்துப் பூசி, கீழே கிராஃப் தாளை விரித்து, வண்டியை மெதுவாக இறக்கி மறுபடி தூக்க வேண்டும். தாளில் டயரின் அச்சு அப்படியே விழும், பட்டன் பட்டனாக (பட்டன் என்பது டயர் முகத்தில் பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர் மேடு). கட்டத்தை எண்ணினால் பரப்பு தெரிந்துவிடும். பிறகு காற்றை 20 பவுண்டுக்கு இறக்கி இன்னொரு தாளில் பதித்தால் அச்சு முன்னும் பின்னும் நீண்டிருக்கும், ஓரங்கள் கறுப்பாகவும் நடுப்பகுதி வெளுத்தும் விழும். நடுவில் டயர் தரையைச் சரியாக அழுத்தவில்லை என்று அர்த்தம். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் கேட்டுப் பார், ஆசிரியர் துணையோடு செய்யலாம்.

அப்புறம் ரேஸ் கார். அங்கே போடுவது மிகவும் மென்மையான ரப்பர். பிடிப்பு அதில்தான் வருகிறது. அந்த ரப்பரைக் குறுகலான டயராகச் செய்தால் சூட்டில் வெந்து, கிழிந்து, சீக்கிரமே கரைந்துபோகும். அகலம் கொடுத்தால் சூடு பரவும், தேய்மானமும் பரவும். வளைவில் திரும்பும்போது குட்டையாக, அகலமாக இருக்கிற அச்சு குறைவாக முறுக்கிக்கொள்ளும், ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும். மென்மையான ரப்பர் உயிரோடு இருக்கத்தான் அந்த அகலம்.

என் 100 சிசி பைக்கின் பின்சக்கரத்துக்கு 140 சைஸ் (140 மி.மீ. அகல) டயர் போட ஆசை. வத்தல்மலைக்கு அடிக்கடி போவேன். வளைவில் நன்றாகப் பிடிக்குமா?
— பாலக்கோடு இளைஞர்

வேண்டாம் தம்பி. தோற்றத்துக்காகக் கேட்டிருந்தால்கூட யோசித்துப் பதில் சொல்லியிருப்பேன். மலை வளைவுக்காகக் கேட்கிறீர்கள், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

பைக் டயர் வட்ட முதுகு உள்ளது. சாய்ந்து திரும்பும்போதும் அந்த முதுகின் பக்கம் ஒரே சீராகத் தரையைத் தொட வேண்டும் என்றுதான் அதற்கு அந்த வடிவம். சின்ன ரிம்மில் 140-ஐ மாட்டினால் ரிம் இரண்டு பக்கமும் டயரை இறுக்கிப் பிதுக்கும், முதுகு கூம்பிவிடும். நேராகப் போகும்போது முன்பைவிட ஒடுங்கிய கோடுதான் தரையில் படும். சாய்க்கும்போது வண்டி சட்டென்று விழுகிற மாதிரி இருக்கும். செயின் பக்கம் உரசும், எடை கூடும், மைலேஜ் குறையும். பிடிப்புக்காகச் செலவழித்து, பிடிப்பைக் குறைத்துக்கொள்வதாக முடியும்.

இன்னொன்று. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது, இறக்கத்தில் இன்னும் அதிகமாக. வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது. கடைக்கு வரும் பைக்குகளில் பின்டயர் புதுசாக மின்னும், முன்டயர் மொட்டையாக இருக்கும். பார்க்கவே எனக்கு மனசு பதறும். இருக்கிற பணத்தில் கம்பெனி சொன்ன அதே சைஸில் இரண்டு நல்ல டயர் வாங்குங்கள், முன்னும் பின்னும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரித்தது. பட்டன் எல்லாம் அப்படியே இருந்தாலும் வயசான ரப்பர் இறுகிவிடும். நகத்தால் அழுத்தினால் பதியாது, பட்டன்களுக்கு நடுவே மெல்லிய வெடிப்பு ஓடியிருக்கும். அந்த டயர் ஜல்லி இடுக்குக்குள் இறங்கவே இறங்காது. எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை. புது டயர் போட்ட முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வரை மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். அது உதிரும்வரை மலைப்பக்கம் போகாதீர்கள்.

பெங்களூரு பக்கமிருந்து சேலத்துக்கு லோடு அடிக்கிறேன். பாரம் ஏறினால் டயருக்குப் பிடிப்பு ஏறும் என்கிறார்கள். அப்படியானால் லோடு வண்டி காலி வண்டியைவிடச் சீக்கிரம் நிற்க வேண்டுமே? தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?
— லாரி ஓட்டுநர், கிருஷ்ணகிரி

அண்ணே, இந்தக் கேள்விக்கு இந்த இதழ் முழுவதையும் கொடுக்கலாம்.

பாரம் இரண்டு மடங்கானால் உராய்வு விசையும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், உண்மைதான். ஆனால் நிறுத்த வேண்டிய எடையும் இரண்டு மடங்கு. ஒன்றுக்கு ஒன்று கழிந்துவிடுகிறது. கணக்குப்படி காலி வண்டியும் லோடு வண்டியும் ஒரே தூரத்தில்தான் நிற்க வேண்டும். உராய்வுக் குணகம் (எடையில் எத்தனை பங்கு பிடிப்பாகிறது என்ற எண்) 0.7 இருக்கிற நல்ல காய்ந்த ரோட்டில், 60 கிலோமீட்டர் வேகத்தில் முழுசாகப் பிரேக் பிடித்தால் அது சுமார் 20 மீட்டர். கண் பார்த்து, கால் அழுத்த ஒரு வினாடி ஆனால் அதற்குள் 17 மீட்டர் போயிருக்கும், அதையும் சேர்க்க வேண்டும். ஈரத்தில் குணகம் 0.4-க்கு இறங்கினால் அந்த 20 மீட்டர் 35 ஆகும். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நாலு மடங்கு. இந்தக் கணக்கு எதிலும் டயர் அகலம் வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

தொப்பூரில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் டயர் இல்லை அண்ணே, பிரேக் டிரம்.

25 டன் வண்டி செங்குத்தாக 100 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வையுங்கள். இறங்கும்போது வெளிப்படும் சக்தி சுமார் 245 லட்சம் ஜூல். எண்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. வேகம் ஏறாமல் இறங்க வேண்டுமானால் அந்தச் சூடு எங்காவது போயாக வேண்டும். கியரில் இறங்கினால் கணிசமான பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும், எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) இருந்தால் இன்னும் கூடுதலாக. நியூட்ரலில் இறங்கினால் கிட்டத்தட்ட அத்தனையும் சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் லைனருக்கும்தான். ஓர் அளவுக்கு மேல் சூடானால் லைனரின் உராய்வே குறைந்துபோகும். டிரம் விரிந்து லைனரை விட்டு விலகும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி கேட்காது. லைனர் கருகுகிற நாற்றம் கேபினுக்கு வரும்போது பிரேக்கின் பிடிப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும்.

நீங்கள் வருகிற திசையில் பாளையம்புதூர் டோல்கேட்டில் எப்படியும் நிற்கிறீர்கள். அங்கிருந்தே கீழ் கியரில் எடுத்து, அதே கியரில் கட்டமேடு, இரட்டைப் பாலம் எல்லாம் தாண்டிப் போங்கள். இந்தச் சரிவை எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்ன விதி பழைய வண்டிகளுக்குச் சரி, இப்போதைய வண்டிகளுக்கு அதைவிடக் கீழ் கியர்கூடத் தேவைப்படலாம். வேகம் எடுத்த பிறகு நடு இறக்கத்தில் கியரைக் குறைக்கப் போனால் விழாது, நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். பிரேக்கை லேசாகத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வராமல், நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, ஆற விட்டு, மறுபடி அழுத்துங்கள்.

நியூட்ரல் போடுவது டீசல் மிச்சம் பிடிக்கத்தான் என்று எனக்குத் தெரியும். வாடகை கொடுக்கிற நிலைமையும் தெரியும். ஆனால் இப்போது ஓடுகிற பிஎஸ் 4, பிஎஸ் 6 இன்ஜின்களில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சம் என்று நினைப்பது செலவு. சாவியையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள். பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர் நின்றால் மிதிக்க மிதிக்கக் காற்று தீரும், பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும்.

காலி வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. லோடுக்காகச் செய்த பிரேக், எடை இல்லாத பின்சக்கரத்தை எளிதில் பூட்டிவிடும். மழையில் பின்பக்கம் பக்கவாட்டில் வீசும். காலியாகத்தானே வருகிறோம் என்று வேகம் எடுக்க வேண்டாம்.

காருக்கு 165 டயரை எடுத்துவிட்டு 195 போட்டேன். மழையில் ஓசூர் – கிருஷ்ணகிரி ரோட்டில் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடுகிறது. ஏன்?
— ஓசூர் வாசகர்

கார் தண்ணீர் மேல் ஏறிவிடுகிறது. டயருக்கு முன்னால் இருக்கும் தண்ணீரை பட்டன் இடைவெளிகள் வழியாக வெளியே தள்ள நேரம் வேண்டும். வேகம் கூடினால் நேரம் போதாது, தண்ணீர் ஆப்பு மாதிரி டயருக்கு அடியில் நுழைந்து தூக்கிவிடும். ரோட்டைத் தொடாத டயருக்கு உராய்வு ஏது?

1960-களில் விமான டயர்களை வைத்து அமெரிக்காவின் நாசா இதை ஆராய்ந்தது. அதிலிருந்து வந்த சூத்திரம் எளிது: டயர் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைச் சுமார் 16.6-ஆல் பெருக்கினால், டயர் மிதக்க ஆரம்பிக்கும் வேகம் கிலோமீட்டரில் கிடைக்கும். 30 பவுண்டுக்குச் சுமார் 91. காற்று குறைந்து 20 பவுண்டில் ஓட்டினால் சுமார் 74. நன்றாகத் தண்ணீர் தேங்கிய ரோட்டுக்கும், பட்டன் தேய்ந்த டயருக்கும் பொருந்தும் கணக்கு இது. நல்ல பட்டன் இருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

195 போட்டதும் அச்சு அகலமாகிக் குட்டையாகிவிட்டது. தள்ள வேண்டிய தண்ணீர் கூடியது, தள்ளக் கிடைக்கும் நீளம் குறைந்தது. காய்ந்த ரோட்டில் வளைவில் கிடைத்த சின்ன லாபத்தை மழையில் திருப்பிக் கொடுக்கிறீர்கள். அடுத்த முறை டயர் மாற்றும்போது கார் கம்பெனி கதவோர ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் சைஸுக்கே திரும்பிவிடுங்கள். அதுவரை காற்றை வாரம் ஒருமுறை, டயர் சூடாகாத காலை நேரத்தில் பாருங்கள். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. பள்ளங்களுக்குள் இருக்கும் சின்ன மேடு பட்டனோடு சமமாகிவிட்டால் அந்த அளவு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். மழைக்காலத்துக்கு நான் அதுவரை காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

மறுபடி ஸ்டீயரிங் லேசானால் பிரேக்கைத் தொடாதீர்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலேட்டரை மெதுவாக விடுங்கள். டயர் தானாக இறங்கி ரோட்டைப் பிடிக்கும்.

நெல் வயலில் டிராக்டர் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. டயரில் தண்ணீர் ஏற்றச் சொல்கிறார் ஒருவர், அகல டயர் போடச் சொல்கிறார் இன்னொருவர்.
— விவசாயி, பாரூர்

ஐயா, இரண்டு பேரும் அவரவர் நிலத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். வயலில் ரப்பர் வழுக்குவதில்லை, மண் கிழிகிறது. மண் எவ்வளவு தாங்கும் என்பதற்கு, மேலே சொன்ன அதே கூலோம்தான் கணக்கு கொடுத்தார். மண்ணின் ஒட்டும் தன்மை ஒரு பங்கு, மேலே இருக்கும் எடையால் வரும் உராய்வு ஒரு பங்கு. மணல் கலந்த காய்ந்த செம்மண்ணில் ஒட்டல் குறைவு, எடை போட்டால் பிடிக்கும். அங்கே தண்ணீர் ஏற்றியவர் சொன்னது சரி. வால்வை மேலே வைத்து அந்த மட்டம்வரை, அதாவது முக்கால் பங்கு நிரப்புவது வழக்கம். உங்கள் ஏரிப்பாசன வயலின் சேற்றில் எடை போட்டால் டிராக்டர் புதையத்தான் செய்யும். ஒட்டலை மட்டும் நம்பி இருக்கிற மண்ணில் தொடும் பரப்பு கூடினால்தான் பயன். ஆக, அகலம் உண்மையிலேயே வேலை செய்கிற இடம் உங்கள் வயல்தான். புது டயருக்குச் செலவழிக்கும் முன் கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிப் பாருங்கள். அதை மாட்டிக்கொண்டு தார் ரோட்டில் ஏறாதீர்கள்.

கார்த்திகை தொடங்கித் தை வரை எங்கள் ரோட்டில் ராகித் தாளும் கொள்ளுச் செடியும் பரப்பியிருக்கும். ஸ்கூட்டரில் போகவே பயமாக இருக்கிறது. பட்டன் பெரிதாக இருக்கும் டயர் போட்டால் பாதுகாப்பா?
— பள்ளி ஆசிரியை, பென்னாகரம்

எந்த டயரும் உதவாது அம்மா. டயர் தாளை நன்றாகத்தான் பிடிக்கிறது. அடியில் இருக்கும் தாள்தான் தாள் மேல் நழுவுகிறது. கொள்ளு உதிர்ந்திருந்தால் இன்னும் மோசம், ஒவ்வொரு மணியும் உருளும். எட்டத்தில் பார்க்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ஏறிய பிறகு பிரேக் வேண்டாம், சாய்க்க வேண்டாம், ஒரே சீரான ஆக்ஸிலேட்டரில் நேராகக் கடந்து போங்கள். வளைவில் பரப்பியிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் தவறே இல்லை.

பரப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. களம் இல்லாத ஊரில் தார் ரோடுதான் களம், போகிற வண்டிதான் தாம்பு. ஆனால் விழுகிறவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். கிராம சபையில் உலர்களம் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள், நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். அதுவரை வளைவிலும் பாலத்திலும் மட்டுமாவது போடாமல், நேர் ரோட்டில் ஒரு ஓரமாகப் போடும்படி கேட்டுப் பாருங்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். ராகித் தாள் சக்கரத்தின் இருசில் சுற்றிக்கொள்ளும், சைலன்ஸர் சூட்டில் தீப்பிடிக்கவும் செய்யும். கடந்ததும் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, குனிந்து அடியைப் பாருங்கள். தாள் தொங்கினால் சைலன்ஸர் ஆறிய பிறகு, ஒரு குச்சியால் இழுத்து எடுங்கள்.